உள்கட்டுப்பாட்டுச் சோதனை கேம்பெயின்: கம்ப்ளையன்ஸ் மென்பொருளில் அமைப்பது முதல் பூட்டுவது வரை

தவறும் மோசடியும் நடக்காமலிருக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கும் நடைமுறைகள்தான் உள்கட்டுப்பாடுகள். அவை சொன்னபடி நடக்கின்றனவா என்று குறிப்பிட்ட காலத்துக்குள் பலரிடம் சான்று வாங்கிச் சோதிக்கும் சுற்றுதான் சோதனை கேம்பெயின். கம்ப்ளையன்ஸ் மென்பொருளில், அதாவது விதிகளைப் பின்பற்றுவதைக் கண்காணிக்கும் மென்பொருளில், அப்படி ஒன்றை உருவாக்க அதிக நேரம் ஆகாது. பெயர், தேதி, கட்டுப்பாடுகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொடுத்து, ‘தொடங்கு’ பட்டனை அழுத்தினால் எல்லாருக்கும் மின்னஞ்சல் போய்விடும். தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். “இது என் கட்டுப்பாடே இல்லையே” என்று ஒருவர் எழுதுவார். “எந்த ரிப்போர்ட் வேண்டும், எந்த மாதத்துக்கு?” என்று இன்னொருவர் கேட்பார். மூன்றாமவர் போன வருடம் கொடுத்த கோப்பையே மறுபடி ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று டிக் செய்துவிடுவார். டேஷ்போர்டு முழுக்கப் பச்சையாகத் தெரியும். வெளித் தணிக்கையாளர் வந்து இரண்டு கேள்வி கேட்டதும் அந்தப் பச்சையில் பாதி காணாமல் போகும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பட்டனுக்கு முந்தைய வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஆர்ச்சர், சர்வீஸ்நவ், வொர்க்கிவா என்று மென்பொருளுக்கு மென்பொருள் மெனுவும் பெயர்களும் மாறும். ஒன்றில் கேம்பெயின் என்பது இன்னொன்றில் டெஸ்ட் சைக்கிள், வேறொன்றில் அசெஸ்மென்ட். எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

1. முடிவு யார் கைக்குப் போகிறது?

கேம்பெயின் படிவத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் ‘ஆண்டுச் சோதனை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தேதிகள், சாம்பிள் அளவு (சோதிக்க எடுக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை), தோல்வியை எப்படிக் கையாள்வது என எல்லாமே இந்தக் கட்டத்தைப் பொறுத்துத்தான் அமையும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2002-ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 404-ஆம் பிரிவு பொருந்தும். நிதியறிக்கை தொடர்பான உள்கட்டுப்பாடு நிதியாண்டின் கடைசி நாளன்று சரியாக இருந்ததா என்று நிர்வாகம் அதன்படி சொல்ல வேண்டும். கேள்வி ஒரு நாளைப் பற்றியது. நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது, ஒரு கட்டுப்பாடு ஏப்ரலில் தோற்றது, ஆகஸ்டில் சரிசெய்து மறுபடி சோதித்துத் தேறிவிட்டது என்றால், ஆண்டுக் கடைசியில் அதைச் சரி என்று சொல்ல வழி உண்டு. வாடிக்கையாளர் தரவைக் கையாளும் சேவை நிறுவனங்களின் கட்டுப்பாடுகளைப் பற்றித் தணிக்கையாளர் தரும் எஸ்ஓசி 2 அறிக்கையின் இரண்டாம் வகை அப்படியல்ல. அது ஒரு காலப்பகுதி முழுவதையும் பார்க்கிறது. அந்தக் காலத்துக்குள் ஏப்ரல் வருமானால், ஆகஸ்டில் என்ன செய்திருந்தாலும் ஏப்ரல் தோல்வி அறிக்கையில் வரும். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001 இன்னொரு ரகம். அதன் 2022 பதிப்பின் இணைப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன. எவை தமக்குப் பொருந்தும், எவை பொருந்தாது என்று நிறுவனமே காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். அந்த ஆவணம்தான் கேம்பெயினின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

மூன்றையும் ஒரே கேம்பெயினில் போட்டு ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடிக்கலாம் என்று தோன்றும். சான்றைப் பகிர்ந்துகொள்ளலாம், அதில் தவறில்லை. கேம்பெயினைப் பிரித்துவைப்பதே நல்லது. காலப்பகுதி வேறு, முடிவைக் கையெழுத்திடுபவர் வேறு, தோல்வியின் பொருளும் வேறு. ஒரே பதிவில் மூன்று அர்த்தங்களை ஏற்றினால் கடைசியில் எந்த அர்த்தமும் நிற்காது.

2. கட்டுப்பாட்டு நூலகத்தைச் சுத்தம் செய்தல்

நிறுவனத்தின் எல்லாக் கட்டுப்பாடுகளும் மென்பொருளில் பதிவாகியிருக்கும் தொகுப்புதான் நூலகம். மென்பொருள் கேம்பெயினுக்குள் எடுத்துக்கொள்வது அதில் இருப்பதைத்தான். அங்கே குப்பை இருந்தால், அதே குப்பை ஒவ்வொருவரின் இன்பாக்ஸுக்கும் போகும்.

ஒவ்வொரு கட்டுப்பாட்டு வரியையும் படித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் படித்துவிட்டு, இந்த நிறுவனத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரால் சோதிக்க முடியுமா? ‘பயனர் அணுகல் உரிய முறையில் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரியைச் சோதிக்க முடியாது. அது ஒரு ஆசை. இதைப் பாருங்கள்: ‘ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது மனிதவளப் பிரிவு டிக்கெட் (ஐடி பிரிவுக்கான வேலைக் கோரிக்கைப் பதிவு) எழுப்புகிறது. அவரது கடைசி வேலைநாளுக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் ஐடி நிர்வாகி கணக்கை முடக்கி, டிக்கெட்டை மூடுகிறார்.’ யார், எப்போது, என்ன செய்கிறார், அதற்கு என்ன தடயம் மிஞ்சுகிறது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. இந்தக் கட்டுப்பாட்டையே கடைசி வரை உதாரணமாகக் கொண்டு போவோம்.

ஒரு பதிவில் ஒரு கட்டுப்பாடு மட்டுமே இருக்கட்டும். ‘மேலாளர் அனுமதிக்கிறார், காலாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வும் நடக்கிறது’ என்று இரண்டைச் சேர்த்து எழுதியிருந்தால், ஒன்று தேறி மற்றது தோற்கும்போது என்ன பதிவு செய்வது? பிரித்துவிடுங்கள்.

அப்புறம் புலங்கள். கட்டுப்பாடு எத்தனை நாளுக்கு ஒருமுறை இயங்குகிறது, ஆள் செய்வதா கணினி செய்வதா, தடுப்பதா கண்டுபிடிப்பதா, எந்தச் செயலியில் நடக்கிறது, முக்கியக் கட்டுப்பாடா, பொறுப்பாளர் யார் என்பவை நிரம்பியிருக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற புலத்தில் தவறிருந்தால் சாம்பிள் எண்ணிக்கையும் தவறாகும். பல மென்பொருள்கள் அந்தப் புலத்தைப் பார்த்துத்தான் எண்ணிக்கையைப் பரிந்துரைக்கின்றன. ‘தேவைப்படும்போது’ என்று குறித்திருப்பவற்றைத் தனியாக வடிகட்டிப் பாருங்கள். வேலையை விட்டுப் போகும்போது முடக்குவது அந்த வகைதான். வருடத்தில் ஏறத்தாழ எத்தனை முறை நடக்கிறது என்று கேட்டு, அதற்குச் சமமான இடைவெளியை அந்தப் பதிவிலேயே எழுதிவையுங்கள்.

3. ஆட்கள்

மென்பொருளில் குறைந்தது நான்கு வேடங்கள் தேவை: கட்டுப்பாட்டின் பொறுப்பாளர், சான்று கொடுப்பவர், சோதனையாளர், சோதனையைப் பார்வையிடும் ரிவியூவர். பொறுப்பாளரும் சோதனையாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதை மின்னஞ்சலில் சொல்லிவைத்தால் போதாது. மென்பொருளில் அதற்கென்று விதி வைக்க முடியுமானால் வைத்துவிடுங்கள். முடியாவிட்டால், தொடங்குவதற்கு முன் இரண்டு பத்திகளையும் எக்செலில் ஏற்றுமதி செய்து ஒப்பிட்டுவிடுங்கள்.

வேலையைத் தனிநபர் பெயரில் மட்டும் ஒதுக்காமல், மாற்று ஆள் ஒருவரையும் போடுங்கள். கேம்பெயின் நடுவில் பொறுப்பாளர் வேறு துறைக்குப் போனால் அவர் பெயரில் இருந்த வேலைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். நினைவூட்டல் மின்னஞ்சல் மட்டும் யாரும் திறக்காத இன்பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

4. டெஸ்ட் ஸ்கிரிப்ட்: இரண்டு பேர் சோதித்தாலும் ஒரே விடை வர வேண்டும்

வடிவமைப்புச் சோதனையையும் செயல்பாட்டுச் சோதனையையும் தனித்தனி படிகளாக அமையுங்கள். கட்டுப்பாடு சொன்னபடி நடந்தால் ஆபத்து உண்மையிலேயே குறையுமா என்பது முதலாவது. சொன்னபடி நடந்ததா என்பது இரண்டாவது. முதலாவது தோற்றால் இரண்டாவதைச் செய்வதே வீண். எனவே வடிவமைப்புப் படி தேறினால் மட்டும் செயல்பாட்டுப் படி திறக்கும்படி வொர்க்ஃப்ளோவை அமைக்க முடிகிறதா பாருங்கள். ஒரே ஒரு நிகழ்வை எடுத்துத் தொடக்கம் முதல் கடைசி வரை பின்தொடர்ந்து பார்ப்பது வடிவமைப்புச் சோதனைக்கு நல்ல வழி.

சோதிக்கும் முறைகள் நான்கு: கேட்பது, நேரில் பார்ப்பது, ஆவணத்தைச் சரிபார்ப்பது, நாமே மறுபடி செய்துபார்ப்பது. ஏறத்தாழ இந்த வரிசையில் நம்பகத்தன்மை கூடும். கேட்டுத் தெரிந்துகொண்டது மட்டும் ஒரு கட்டுப்பாட்டைத் தேறவைக்கப் போதாது. ஸ்கிரிப்டில் முறையைக் குறிக்கும் புலம் இருந்தால், ‘கேட்பது’ மட்டும் தேர்ந்தெடுத்திருக்கும் பதிவுகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி நம் உதாரணத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுவோம். ஒவ்வொரு சாம்பிளுக்கும் மூன்று கேள்விகள்.

அ) மனிதவளப் பிரிவின் பதிவில் உள்ள கடைசி வேலைநாளும் டிக்கெட்டில் உள்ள நாளும் ஒன்றா?
ஆ) கணக்கு முடக்கப்பட்ட நேரம், கடைசி வேலைநாளுக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் இருக்கிறதா?
இ) கடைசி வேலைநாளுக்குப் பிறகு அந்தக் கணக்கு லாகின் எதுவும் இல்லாமல் இருக்கிறதா?

எளிதாகத்தான் தெரிகிறது. ‘ஆ’வை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முடக்கப்பட்ட நேரத்தை எங்கிருந்து எடுப்பது? டிக்கெட் மூடிய நேரமா, டைரக்டரியின் (ஊழியர்களின் கணக்குகளை வைத்திருக்கும் மைய அமைப்பின்) லாக், அதாவது செயல்பதிவு, காட்டும் நேரமா? கணக்கை உடனே முடக்கிவிட்டு டிக்கெட்டை இரண்டு நாள் கழித்து மூடுபவர்கள் உண்டு. டிக்கெட்டை மூடிவிட்டு முடக்க மறந்தவர்களும் உண்டு. முதல் வகையினரை டிக்கெட் நேரம் அநியாயமாகத் தோற்கடிக்கும், இரண்டாம் வகையினரை அநியாயமாகத் தேறவைக்கும். எனவே லாக் நேரம்தான் செல்லும் என்று ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். அந்த லாக் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கலாம், மனிதவளப் பதிவு உள்ளூர்த் தேதியில் இருக்கலாம். சில மணி நேர வித்தியாசத்தில் ஒரு நாள் மாறி, தேறியது தோற்றதாகத் தெரியும். எந்த நேர மண்டலத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் ஸ்கிரிப்டில் இருக்கட்டும். விடுமுறை நாட்களுக்கு எந்த நாட்காட்டி? அதையும் எழுதுங்கள். வேலையை விட்டவர் பல செயலிகளில் கணக்கு வைத்திருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பதா, டைரக்டரி கணக்கு மட்டும் போதுமா? ஒரே லாகினில் எல்லாவற்றையும் திறக்கும் ஒற்றை லாகினோடு இணையாத செயலிகள் இருந்தால் டைரக்டரி மட்டும் போதாது.

இவ்வளவையும் முன்கூட்டி எழுதுவது சலிப்பான வேலைதான். எழுதாவிட்டால் ஒவ்வொரு சோதனையாளரும் தனக்குத் தோன்றியபடி முடிவெடுப்பார். ரிவியூவர் அதை எதை வைத்துச் சரிபார்ப்பார்?

விடைப் புலத்தில் ‘ஆம், இல்லை, பொருந்தாது’ என்ற மூன்று மட்டும் இருக்கட்டும். ‘பகுதியளவு’ என்ற நான்காவது விடையை வைத்தால், சங்கடமான தோல்விகளெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். ‘பொருந்தாது’ என்றால் காரணம் எழுதுவது கட்டாயம் என்று அமைத்துவிடுங்கள்.

மேலாளர் மறுஆய்வு செய்யும் வகைக் கட்டுப்பாடுகளுக்கு இன்னும் கவனம் தேவை. திட்டமிட்ட செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் மாதாந்திர அறிக்கையில் மேலாளரின் கையெழுத்து இருக்கிறது என்பது, அவர் அதைப் படித்தார் என்பதற்குச் சான்றாகாது. எந்த அளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விசாரிப்பார், அப்படி வந்தபோது என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பவைதான் சோதிக்க வேண்டியவை.

5. முழுப் பட்டியல்: அதிகம் சறுக்கும் இடம்

சாம்பிளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சாம்பிள் எந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தணிக்கையாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

நம் உதாரணத்துக்கு ஐடி குழுவிடம் “இந்த வருடக் கணக்கு முடக்க டிக்கெட்டுகளைக் கொடுங்கள்” என்று கேட்டால், அழகான பட்டியல் ஒன்று வரும். அதிலிருந்து எத்தனை சாம்பிள் எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் டிக்கெட் இருக்கும், ஏனென்றால் அது டிக்கெட்டுகளின் பட்டியல். நாம் பயப்பட வேண்டியது டிக்கெட்டே எழுப்பப்படாதவர்களைப் பற்றி. அவர்கள் இந்தப் பட்டியலில் ஒருபோதும் வர மாட்டார்கள். எனவே பட்டியல் மனிதவளப் பதிவிலிருந்து வர வேண்டும்: இந்தக் காலத்தில் வேலையை விட்ட எல்லாரும். அங்கிருந்து டிக்கெட்டை நோக்கிப் போக வேண்டும். எந்தத் திசையில் சோதிக்கிறோம் என்பதை ஸ்கிரிப்டிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

மனிதவளப் பட்டியலும் முழுமையானதா? ஒப்பந்த ஊழியர்கள் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார்கள். அவர்கள் கொள்முதல் பிரிவின் கோப்பிலோ ஏஜென்சியின் பில்லிலோ இருப்பார்கள். அவர்களுக்கும் கணக்கு உண்டு, அவர்களும் விட்டுப் போகிறார்கள். ஓட்டை இருக்கும் இடமும் அநேகமாக அதுதான்.

எனவே கேம்பெயினில் சான்று கேட்கும் படிக்கு முன்னால் ‘முழுப் பட்டியல் சரிபார்ப்பு’ என்று ஒரு தனிப் படி வையுங்கள். அதில் கட்டாயமாக ஏற்ற வேண்டியவை: ரிப்போர்ட் எந்தச் செயலியிலிருந்து எடுக்கப்பட்டது, தேதி வரம்பும் ஃபில்டர்களும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், செயலி காட்டிய மொத்த வரிகளின் எண்ணிக்கை, எக்செலில் இருக்கும் வரிகளின் எண்ணிக்கை. கடைசி இரண்டும் ஒத்துப்போக வேண்டும். செயலியில் 212, கோப்பில் 200 என்றால், திரையில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான் என்ற எல்லையோடு ஏற்றுமதி நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்தப் படி ஒப்புதல் பெறாமல் சாம்பிள் எடுக்கும் படி திறக்கக் கூடாது.

6. எத்தனை சாம்பிள்

இதற்கு எந்தச் சட்டமும் எண் சொல்லவில்லை. தணிக்கை நிறுவனங்கள் தங்களுக்குள் அட்டவணை வைத்திருக்கின்றன. நடைமுறையில் பரவலாகக் காணும் அளவுகள் ஏறத்தாழ இப்படி:

- வருடத்துக்கு ஒருமுறை: 1
- காலாண்டு: 2
- மாதம்: 2 முதல் 5
- வாரம்: 5 முதல் 15
- தினசரி: 15 முதல் 40
- ஒரு நாளில் பல முறை: 25 முதல் 60

ஆபத்து அதிகமென்றால் மேல் எல்லையை நோக்கிப் போங்கள். உங்கள் வெளித் தணிக்கையாளர் உங்கள் சோதனையை நம்பிப் பயன்படுத்தப்போகிறார் என்றால், தொடங்குவதற்கு முன்பே அவருடைய அட்டவணையைக் கேட்டு வாங்கி மென்பொருளில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் 15 எடுத்து, அவர் 25 கேட்டால் மீதிப் பத்துக்காக மறுபடி எல்லாரிடமும் போக வேண்டியிருக்கும்.

இந்த எண்களின் பின்னால் கணக்கு இருக்கிறது. பெரிய பட்டியலிலிருந்து 25 எடுத்து ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றால், உண்மையான தோல்வி விகிதம் ஏறத்தாழ 9 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான். 60 எடுத்து ஒன்றும் தோற்காவிட்டால், 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதத்துக்குள் என்று சொல்லலாம். ‘இருபத்தைந்தும் தேறிவிட்டது, அதனால் தவறே இல்லை’ என்று அறிக்கையில் எழுதுபவர்களுக்கு இதைக் காட்டுங்கள். மேலும், இந்தக் கணக்கு சாம்பிள் தற்செயலாக எடுக்கப்பட்டால்தான் பொருந்தும். பொறுப்பாளரே “இந்த 25-ஐப் பாருங்கள்” என்று கொடுத்தால் பொருந்தாது. மென்பொருளின் ரேண்டம் வசதியைப் பயன்படுத்துங்கள். தற்செயல் தேர்வைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணைக் காட்டினால் அதைக் குறித்துவையுங்கள், அதே சாம்பிளை மறுபடி எடுத்துக் காட்ட முடியும்.

கணினியே செய்யும் கட்டுப்பாடுகளுக்கு இத்தனை தேவையில்லை. அமைப்பு மாறாதவரை கணினி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பதால் வழக்கமாக ஒரு சோதனை போதும். ஆனால் ஒவ்வொரு சூழலுக்கும் ஒன்று வேண்டும். பில்லும் கொள்முதல் ஆணையும் சரக்கு ரசீதும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நிறுத்தப்படும் என்றால், ஒத்துப்போவது ஒன்று, எல்லைக்குள் வித்தியாசம் இருப்பது ஒன்று, எல்லை தாண்டியது ஒன்று என்று பார்க்க வேண்டும். அந்தச் செயலியை யார் மாற்றலாம், மாற்றங்கள் எப்படி ஒப்புதல் பெறுகின்றன என்ற பொது ஐடி கட்டுப்பாடுகள் தேற வேண்டும் என்பதும் நிபந்தனை. அவை தோற்றால் ‘ஒன்று போதும்’ என்ற சலுகையும் போய்விடும். எனவே மென்பொருளில் இவ்விரண்டையும் இணைப்பாகப் பதிவு செய்யுங்கள். பொது ஐடி கட்டுப்பாடு தோற்றவுடன், அதை நம்பியிருக்கும் கட்டுப்பாடுகளின் பட்டியல் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

7. தேதிகள்

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கையெழுத்து எப்போது? அதற்கு முன் குறைபாடுகளை மதிப்பிட அவகாசம், அதற்கு முன் ரிவியூ, அதற்கு முன் சோதனை, அதற்கு முன் சான்று, அதற்கும் முன் முழுப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை திருப்பி அனுப்பும் நேரத்தையும் சேருங்கள். மாதக் கடைசியிலும் காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களிலும் நிதிப் பிரிவிடம் சான்று கேட்காதீர்கள். பதில் வராது. வந்தாலும் தொலைந்துபோகட்டும் என்று அனுப்பிய பதிலாக இருக்கும்.

ஆண்டுக் கடைசி நாளைப் பற்றிய முடிவு என்றால் இரண்டு கேம்பெயினாகப் பிரிப்பது வழக்கம். முதல் ஒன்பது மாதங்களுக்கு ஒன்று, மீதமுள்ள காலத்துக்குச் சிறியது இன்னொன்று. முதலாவதில் தோற்றவற்றைச் சரிசெய்ய நேரம் கிடைப்பதுதான் இதன் பெரிய லாபம்.

நினைவூட்டல்களை மிதமாக வையுங்கள். தினமும் வரும் மின்னஞ்சலை மூன்றாம் நாளிலிருந்து யாரும் படிப்பதில்லை. கெடுவுக்கு ஒரு வாரம் முன், இரண்டு நாள் முன், கெடு தாண்டியதும் மேலாளரின் நகலோடு ஒன்று. இதுவே போதும்.

8. சான்று கேட்கும் வாசகம்

‘தொடர்புடைய ஆவணங்களை ஏற்றவும்’ என்று கேட்டால் தொடர்பில்லாதவைதான் வரும். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும், எந்தத் திரை, எந்தப் புலங்கள் தெரிய வேண்டும், எந்த வடிவத்தில் என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கணினியின் தேதி, நேரம், செயலியின் பெயர், பயனர் பெயர் ஆகியவை தெரிய வேண்டும். வெட்டி ஒட்டிய படத்தை ஏற்காதீர்கள். சம்பளம், அடையாள எண், உடல்நலத் தகவல் போன்றவை சான்றில் இருந்தால் மறைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். கம்ப்ளையன்ஸ் மென்பொருளே தனிநபர் தரவின் கிடங்காக மாறுவது யாருக்கும் நல்லதல்ல.

9. முன்னோட்டம்

சாண்ட்பாக்ஸ் (நிஜத் தரவைத் தொடாமல் சோதித்துப் பார்க்கும் தனி இடம்) இருந்தால் முழுக் கேம்பெயினையும் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால், உற்சாகமான ஒரு பொறுப்பாளரோடு இரண்டு மூன்று கட்டுப்பாடுகளை மட்டும் வைத்து நிஜமாகவே தொடங்குங்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடங்கும் நொடியில் நூலகத்தில் உள்ள கட்டுப்பாட்டு வாசகத்தையும் ஸ்கிரிப்டையும் மென்பொருள் நகலெடுத்துக்கொள்கிறதா, அல்லது நேரடியாக நூலகத்தையே காட்டுகிறதா? நகலெடுத்தால், தொடங்கிய பிறகு நூலகத்தில் செய்யும் திருத்தம் கேம்பெயினுக்கு வராது. நேரடியாகக் காட்டினால், யாரோ நூலகத்தைத் திருத்தும்போது ஏற்கெனவே முடிந்த சோதனையின் கேள்வியே மாறிப்போகும். இரண்டாவது மோசமானது. உங்கள் மென்பொருள் அப்படித்தான் நடந்துகொள்கிறது என்றால், கேம்பெயின் முடியும்வரை நூலகத்தில் திருத்தும் உரிமையை நிறுத்திவையுங்கள்.

பங்கேற்பாளராக லாகின் செய்து மின்னஞ்சல் எப்படித் தெரிகிறது, இணைப்பு நேராக அவருடைய வேலைக்குப் போகிறதா, கோப்பின் அளவு எல்லை என்ன என்றும் பாருங்கள். நிர்வாகியின் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

10. ஓடும்போது

டேஷ்போர்டில் எல்லாரும் பார்ப்பது எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை. எனக்கு வேறு மூன்று எண்கள்தான் முக்கியம். எத்தனை முழுப் பட்டியல்கள் இன்னும் ஒப்புதல் பெறவில்லை? அது நகராதவரை மற்றவை நகர்வது வெறும் தோற்றம். ரிவியூவர் எத்தனையைத் திருப்பி அனுப்பினார்? ஒன்றைக்கூடத் திருப்பவில்லை என்றால் அவர் படிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். சோதனை தொடங்கிய நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் இடைவெளி என்ன? 25 சாம்பிளை ஐந்து நிமிடத்தில் தேறவைத்தவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.

11. தோல்வி வரும்போது

25-இல் ஒன்று தோற்றது. உடனே வரும் யோசனை, “இன்னும் பத்து எடுத்துப் பார்க்கலாமே.” முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நம் உதாரணத்தில் தோற்றவர் ஒப்பந்த ஊழியர் என்று தெரிந்தால், அது தற்செயல் அல்ல. ஒரு வகையினருக்கே கட்டுப்பாடு இல்லை என்று பொருள். எத்தனை கூடுதல் சாம்பிள் எடுத்தாலும் அது மாறாது. தோற்ற சாம்பிளை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது எக்காரணம் கொண்டும் கூடாது. ஒருமுறை எடுத்த சாம்பிளை மாற்ற நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும் என்று மென்பொருளில் அமைத்துவிடுங்கள்.

‘இல்லை’ என்ற விடை பதிவானவுடன் ஒரு குறைபாட்டுப் பதிவு தானாக உருவாகட்டும். அதில் என்ன நடந்தது, காரணம், பாதிப்பு, சரிசெய்பவர், கெடு ஆகியவை இருக்க வேண்டும். நிதியறிக்கைக் கட்டுப்பாடுகளில் தீவிரத்துக்கு மூன்று படிகள்: குறைபாடு, குறிப்பிடத்தக்க குறைபாடு, பெரும் பலவீனம். பெரும் பலவீனம் ஒன்று இருந்தாலும், உள்கட்டுப்பாடு பயனுள்ளதாக இருக்கிறது என்று நிர்வாகம் அறிவிக்க முடியாது. தவறு நடந்துவிட்டதா என்பதை மட்டும் வைத்துத் தீவிரத்தை அளப்பதில்லை. எவ்வளவு பெரிய தவறு நடந்திருக்கக்கூடும், அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதே அளவுகோல். “நல்லவேளை, அந்தக் கணக்கை யாரும் பயன்படுத்தவில்லை” என்ற ஆறுதல் தீவிரத்தைக் குறைக்கப் போதாது. வேறொரு கட்டுப்பாடு ஈடுசெய்கிறது என்று வாதிட்டால் அந்தக் கட்டுப்பாடும் சோதிக்கப்பட்டுத் தேறியிருக்க வேண்டும்.

சரிசெய்வதற்கான கெடுவை, மறுசோதனைக்கு எத்தனை முறை அந்தக் கட்டுப்பாடு இயங்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். டிசம்பரில் ஆண்டு முடிகிறது, மாதாந்திரக் கட்டுப்பாடு என்றால், அக்டோபருக்குள் சரிசெய்தால் இரண்டு மாதங்களாவது ஓடிக் காட்டும். காலாண்டுக் கட்டுப்பாட்டை நவம்பரில் சரிசெய்தால் ஒரே ஒரு ஓட்டம்தான் மிஞ்சும், அதை வைத்துத் தேறியது என்று சொல்வது கடினம். இந்தக் கணக்கைப் போடாமல் எல்லாக் குறைபாட்டுக்கும் ‘டிசம்பர் 31’ என்று கெடு வைப்பதை நிறையப் பார்க்கலாம். அந்தத் தேதியில் சரிசெய்து முடித்தால் மறுசோதனைக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை.

12. மூடுவதும் அடுத்த சுற்றும்

எல்லா ரிவியூவும் முடிந்தபின் கேம்பெயினைப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு யாரும், நிர்வாகியே ஆனாலும், தடயம் விடாமல் திருத்த முடியாது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கிரிப்ட், முழுப் பட்டியல், சாம்பிள், சான்று, ரிவியூ குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக ஏற்றுமதி செய்து மென்பொருளுக்கு வெளியேயும் வையுங்கள். மென்பொருள் ஒப்பந்தம் இந்த வருடம் இருக்கும், அடுத்த வருடம் மாறலாம். சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி தணிக்கையாளர்கள் தங்கள் பணி ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் சோதனை ஆவணங்களுக்கும் அதே கால அளவைப் பின்பற்றுகின்றன.

அடுத்த வருடம் ‘கேம்பெயினை நகலெடு’ என்ற பட்டன் கண்ணைச் சிமிட்டும். பயன்படுத்துங்கள், ஸ்கிரிப்ட்டுகளையும் வொர்க்ஃப்ளோவையும் அது மிச்சப்படுத்தும். பொறுப்பாளர் பெயர்கள், காலப்பகுதி, முழுப் பட்டியல், சாம்பிள், பழைய சான்று இணைப்புகள் ஆகிய ஐந்தையும் காலியாக்கிவிட்டுத் தொடங்குங்கள். இவற்றில் பழைய சான்று இணைப்பை மட்டும் சில மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் கூடவே கொண்டுவந்துவிடும். நகலெடுத்ததும் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டைத் திறந்து, இணைப்புகளின் தேதியைப் பார்த்துவிடுங்கள்.